மோட்டார்ஹோமிலிருந்து ட்ராலர் படகுக்கு மாறுதல்

மோட்டார்ஹோமிலிருந்து ட்ராலர் படகுக்கு மாறுதல் என்பது, வீட்டு வசதிகள் கொண்ட வண்டியில் நீண்ட காலம் சாலைப் பயணம் செய்து பழகியவர்கள், அதே வாழ்க்கை முறையை மெதுவாகச் செல்லும் டீசல் படகில் நீர்வழிகளில் தொடர்வதைக் குறிக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பணி ஓய்வு பெற்ற தம்பதியரிடையே இவ்வழக்கம் காணப்படுகிறது. படுக்கை, சமையலறை, கழிப்பறை, மின்கலம், தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தையும் ஒரு சிறிய கூட்டுக்குள் அடக்கி, நினைத்த இடத்தில் தங்கி வாழ்வது இரண்டுக்கும் பொதுவானது. எனவே மோட்டார்ஹோமில் பெற்ற அனுபவத்தின் பெரும்பகுதி படகிலும் பயன்படும்.

ஆனால் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. சாலையில் சிக்கல் ஏற்பட்டால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடலாம். நிறுத்திய கணமே ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். தண்ணீரில் ஓரம் என்று ஒன்று இல்லை. எந்திரம் நின்றாலும் படகு நிற்காது; காற்றும் நீரோட்டமும் அதைக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். படகில் நிறுத்துவது தனியே கற்க வேண்டிய ஒரு திறன். இம்மாற்றத்தில் எவை எளிதாகக் கைகொடுக்கும், எவற்றைப் புதிதாகக் கற்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொல் விளக்கம்

மோட்டார்ஹோம் என்பது எந்திரமும் வாழிடமும் ஒரே வண்டியில் அமைந்த ஊர்தி. தமிழ்நாட்டில் படப்பிடிப்புத் தளங்களில் காணப்படும் கேரவன் வண்டியை இதன் நெருங்கிய உறவினமாகக் கொள்ளலாம். அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி நகரைச் சேர்ந்த வின்னபேகோ நிறுவனம் 1966-இல் மோட்டார்ஹோம் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பின் இவ்வகை வண்டி நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டியது. அமெரிக்காவில் பலர் அந்த நிறுவனத்தின் பெயரையே வண்டியின் பொதுப்பெயராகச் சொல்லும் அளவுக்கு அது பரவியது.

ட்ராலர் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது இழுவை மடி கொண்டு மீன் பிடிக்கும் விசைப்படகு. இங்கே குறிப்பிடப்படுவது அதுவன்று. வட கடல்களில் மீன் பிடித்த ட்ராலர்களின் உடலமைப்பைப் பின்பற்றிக் கட்டப்பட்ட உல்லாசப் படகே இங்கு ட்ராலர் எனப்படுகிறது. ஆழமான அடிப்பகுதி, உயர்ந்த முன்புறம், ஏரா எனப்படும் நீண்ட அடிமரம், ஒன்று அல்லது இரண்டு டீசல் எந்திரங்கள், நின்றபடி ஓட்டக்கூடிய மூடிய ஓட்டுநர் அறை ஆகியவை இதன் அடையாளங்கள். இதில் வலை இருக்காது. வலை இழுக்கும் பொறியும் இருக்காது.

இவ்வகைப் படகுகளின் வரலாற்றில் இரண்டு பெயர்கள் முக்கியமானவை. முதலாவது அமெரிக்கக் கடற்படை அதிகாரி ராபர்ட் பீபி. தாம் வடிவமைத்த 'பாசேஜ்மேக்கர்' என்னும் 50 அடிப் படகை அவர் சிங்கப்பூரில் கட்டச் செய்தார். 1963-இல் நீரில் இறக்கப்பட்ட அப்படகில், பாயை நம்பாமல் எந்திரத்தை மட்டும் கொண்டு பெருங்கடல்களைக் கடக்கலாம் என்று காட்டினார். அந்த அனுபவத்தை 1975-இல் 'வாயேஜிங் அண்டர் பவர்' என்ற நூலாக எழுதினார். இரண்டாவது, 1960களில் ஹாங்காங்கில் அமெரிக்கன் மரீன் நிறுவனம் கட்டத் தொடங்கிய 'கிராண்ட் பேங்க்ஸ்' படகுகள். பின்னாளில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கட்டப்பட்ட இப்படகுகளே ட்ராலர் என்னும் தோற்றத்தைப் பொதுமக்களிடையே நிலைநிறுத்தின.

எளிதாகக் கைகொடுக்கும் அனுபவம்

மோட்டார்ஹோமில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர், புதிதாகப் படகு வாங்குபவரைவிடச் சில படிகள் முன்னால் நிற்கிறார். முதலாவது, அளவோடு வாழும் பழக்கம். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, மின்கலத்தில் எவ்வளவு மின்னூட்டம் மீந்துள்ளது, கழிவுத் தொட்டி எப்போது நிரம்பும் என்பவற்றை எந்நேரமும் மனத்தில் வைத்திருப்பது இரண்டு இடங்களிலும் அன்றாட வேலை. இரு நிமிடக் குளியலும், ஒரே பாத்திரத்தில் முடிகிற சமையலும் அவருக்குப் புதியவை அல்ல.

இரண்டாவது, மின்னமைப்பு பற்றிய அறிவு. 12 வோல்ட் நேர்மின்சாரம் ஒருபுறம், வீட்டு மின்சாரம் மறுபுறம், இரண்டையும் இணைக்கும் இன்வெர்ட்டர், கூரையில் சூரியத் தகடு, அவசரத்துக்கு ஜெனரேட்டர் என்ற அமைப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. முகாம் தளத்தில் 30 ஆம்பியர் அல்லது 50 ஆம்பியர் இணைப்பு எடுப்பதைப் போலவே படகுத்துறையிலும் எடுக்கலாம். ஆனால் செருகிகளின் வடிவம் வேறு. படகுச் செருகி கழன்றுவிடாதபடி திருகிப் பூட்டும் வகையைச் சேர்ந்தது.

மூன்றாவது, பழுது பார்க்கும் மனப்பாங்கு. பம்ப் நின்றால் தானே திறந்து பார்ப்பவர், ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று அறிந்தவர், உதிரி பெல்ட்டும் ஃபில்டரும் கையிருப்பில் வைத்திருப்பவர் படகில் விரைவில் தேறிவிடுவார். நான்காவது, ஒரு சிறிய இடத்தில் இருவர் மாதக்கணக்கில் சண்டையின்றி வாழக் கற்ற பொறுமை. இதை எந்தப் பயிற்சிப் பள்ளியும் கற்றுத்தருவதில்லை.

வேகம், தூரம், எரிபொருள்

மோட்டார்ஹோம் நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ட்ராலரின் வழக்கமான வேகம் 7 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆக, 7 நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர், மிதிவண்டியின் வேகம். சாலையில் ஒரே நாளில் கடக்கும் 500 கிலோமீட்டரை, பகலில் மட்டும் ஓடும் படகு கடக்க ஐந்தாறு நாட்கள் ஆகும்.

இந்த மெதுவேகத்துக்கு இயற்பியல் காரணம் உண்டு. தண்ணீரை விலக்கிக்கொண்டு செல்லும் படகு முன்புறத்தில் ஓர் அலையை எழுப்பும். வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது, படகு தான் எழுப்பிய அலையின் மேட்டிலேயே ஏற வேண்டிய நிலைக்கு வருகிறது. அதற்குமேல் எவ்வளவு எரிபொருள் எரித்தாலும் வேகம் சிறிதளவே கூடும். இந்த எல்லையைக் கணக்கிட எளிய வாய்பாடு ஒன்று உள்ளது: நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் நாட் அளவில் கிடைக்கும். நீளம் 36 அடி என்றால் வர்க்கமூலம் 6; எல்லை வேகம் ஏறத்தாழ 8 நாட். அதற்குச் சற்றுக் கீழே, 7 நாட் அளவில் ஓட்டுவதே சிக்கனமானது.

எரிபொருளைப் பற்றிப் பலர் தவறாக எண்ணுகிறார்கள். ட்ராலர் சிக்கனமான படகுதான். ஆனால் அது வேகப்படகோடு ஒப்பிடும்போது மட்டும். ஒற்றை எந்திரம் கொண்ட ஒரு நடுத்தர ட்ராலர் 7 நாட் வேகத்தில் மணிக்கு 2 கேலன், அதாவது 7.6 லிட்டர் டீசல் எரிக்கிறது என்று கொள்வோம். அப்போது லிட்டருக்குக் கிடைப்பது 1.7 கிலோமீட்டர். பெரிய மோட்டார்ஹோமுக்கு லிட்டருக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் கிடைப்பதுண்டு. ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் படகே அதிகம் குடிக்கிறது. ஆனாலும் மாதச் செலவு கூடாமலிருக்கக் காரணம், படகு மிகக் குறைந்த தூரமே செல்கிறது என்பதுதான். வாரத்தில் மூன்று நாள் ஓடி, நான்கு நாள் நங்கூரமிட்டுக் கிடப்பது படகோட்டிகளின் வழக்கம்.

தேதி குறித்துப் பயணம் செய்பவர்களுக்கு இந்த வேகம் பெரும் இடைஞ்சலாகும். பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குக் குறித்த நாளில் குறித்த ஊரில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம், மோசமான வானிலையில் புறப்படத் தூண்டும். படகு விபத்துகளில் கால அட்டவணைக்கும் ஒரு பங்கு உண்டு என்று மூத்த படகோட்டிகள் எச்சரிப்பது இதனால்தான்.

நிறுத்துதல்

படகுக்கு பிரேக் இல்லை. 36 அடி ட்ராலரின் எடை 10 டன்னுக்கு மேல் இருக்கும். வேகத்தைக் குறைக்க உந்துவிசிறியைப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். அப்படிச் சுழற்றும்போது படகு நேராகப் பின்வாங்குவதில்லை; ஒற்றை விசிறி கொண்ட படகின் பின்புறம் ஒரு பக்கமாக நகரும். வலஞ்சுழி விசிறியாக இருந்தால் அது இடப்பக்கம் ஒதுங்கும். பழகாதவருக்கு இது குறைபாடாகத் தெரியும். பழகியவரோ அந்த ஒதுக்கத்தைக் கொண்டே படகைத் துறையோடு அணைத்து நிறுத்துவார்.

சுக்கானும் வண்டியின் ஸ்டீயரிங்கும் ஒன்றல்ல. வண்டியில் முன்சக்கரம் திரும்ப, பின்பகுதி அதைத் தொடரும். படகில் சுக்கான் பின்னால் இருப்பதால், திருப்பும்போது பின்புறம் எதிர்த்திசையில் வீசும். மேலும் சுக்கானுக்கு மேல் நீர் பாய்ந்தால்தான் அது வேலை செய்யும். மிக மெதுவாகச் செல்லும்போது சுக்கான் பலனிழக்கும். அந்நேரத்தில் காற்றே படகை ஓட்டும். நெருக்கமான வண்டி நிறுத்தங்களில் 40 அடி மோட்டார்ஹோமைப் பின்னோக்கிச் செருகிப் பழகியவர்கூட முதல் பக்கக் காற்றில் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். துறை அசையாது, தரையும் அசையாது, ஆனால் படகு மிதக்கும் 'சாலை' அசைந்துகொண்டே இருக்கும். இத்தகைய வேளையில் துறையில் மோதாமல் தடுக்கக் கையையோ காலையோ நீட்டக் கூடாது. 10 டன் எடைக்கு எலும்பு ஈடுகொடுக்காது. காற்றடைத்த தடுப்புப் பந்துகளையும் கயிறுகளையும் கொண்டே படகை அணைக்க வேண்டும்.

துறை இல்லாத இடத்தில் படகை நிறுத்துவது நங்கூரம். நங்கூரம் தன் எடையால் படகைப் பிடிப்பதில்லை. தரைக்குள் கொழுவைப் போல் புதைந்து பிடிக்கிறது. கயிறு கிடையாக இழுத்தால் அது மேலும் புதையும்; மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். எனவே ஆழத்தைப் போலப் பல மடங்கு நீளத்துக்குக் கயிறு விட வேண்டும். கயிறாக இருந்தால் 7 மடங்கு, முழுதும் சங்கிலியாக இருந்தால் 5 மடங்கு என்பது பொது வழக்கு. இக்கணக்கில் புதியவர்கள் இரண்டு விவரங்களை விட்டுவிடுவார்கள்: நீர்மட்டத்திலிருந்து படகின் முன்புறம் வரையுள்ள உயரம், ஓத ஏற்றம். இப்போது ஆழம் 10 அடி, முன்புற உயரம் 5 அடி, இரவில் ஓதம் 5 அடி ஏறும் என்றால் மொத்தம் 20 அடி. அதற்கு 7 மடங்கு 140 அடி. வெறும் ஆழத்தை மட்டும் பார்த்து 70 அடி விட்டவர் நள்ளிரவில் வேறோர் இடத்தில் கண்விழிக்க நேரிடும்.

நங்கூரம் தங்குவதற்கு மட்டுமன்று. அதுவே படகின் அவசர பிரேக். டீசல் தொட்டியின் அடியில் ஆண்டுக்கணக்கில் தங்கிய கசடும் நீரும், அலை மிகுந்த நாளில் கலங்கி எழுந்து ஃபில்டரை அடைக்கும். அதாவது எந்திரம் நிற்க வாய்ப்பு மிகுந்த நேரம், அலை மிகுந்த நேரமே. பெரும்பாலும் அது கடலிலிருந்து குறுகிய முகத்துவாரத்துக்குள் நுழையும் இடமாக இருக்கும். இருபுறமும் கற்சுவர், நீரோட்டமோ படகை அதன்மேல் தள்ளும். அந்நிலையில் நங்கூரம் கட்டவிழ்த்துத் தயாராக இருந்தால் அரை நிமிடத்தில் இறக்கிவிடலாம். அது மூடிய பெட்டிக்குள் கட்டப்பட்டுக் கிடந்தால் படகைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். இதனால்தான் அனுபவசாலிகள் இரண்டு ஃபில்டர்களை மாற்றி இயக்கும்படி பொருத்துகிறார்கள். முகத்துவாரத்தை நெருங்கும் முன் நங்கூரத்தைத் தயாராக்கி வைக்கிறார்கள்.

சாலையில் வண்டி நின்றால் இழுவை வண்டி வருவதைப் போல நீரிலும் உதவி உண்டு. சீ டோ, டோபோட்யூஎஸ் போன்ற நிறுவனங்கள் ஆண்டுச் சந்தா பெற்றுக்கொண்டு நின்றுபோன படகுகளை இழுத்துவரும். உயிராபத்து இல்லாதபோது அமெரிக்கக் கடலோரக் காவல்படை பொதுவாக இத்தகைய தனியார் சேவைகளிடமே பணியை ஒப்படைக்கும். ஆனால் உதவி வந்து சேரும்வரை படகு ஓரிடத்தில் நிற்க வேண்டும். நிறுத்தி வைப்பது நங்கூரத்தின் வேலை.

படகுக்கே உரிய ஆபத்துகள்

மோட்டார்ஹோமின் அடியில் ஓட்டை விழுந்தால் தூசி வரும். படகின் அடியில் விழுந்தால் படகு மூழ்கும். எந்திரத்தைக் குளிர்விக்கவும் கழிப்பறைக்கும் நீர் எடுக்கப் படகின் உடலில் துளைகள் இடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அடைப்பான் உண்டு. அது துருப்பிடித்து இறுகிவிடாமல் அவ்வப்போது திறந்து மூட வேண்டும். அதன் ரப்பர்க் குழாய் கிழிந்தால் அடைக்கும் வகையில், அளவான மரமுளை ஒன்றை அருகிலேயே கட்டி வைப்பது வழக்கம். அடித்தளக் குழியில் சேரும் நீரை வெளியேற்றும் தானியங்கி பம்ப் எத்தனை முறை இயங்குகிறது என்பதைக் கவனிப்பது காய்ச்சலுக்கு நாடி பார்ப்பதைப் போன்றது.

சமையல் வாயு இரண்டிலும் உண்டு. ஆனால் அதன் ஆபத்து ஒன்றல்ல. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. மோட்டார்ஹோமில் கசிந்தால் தரைமட்டத் துளைகள் வழியே வெளியேற வாய்ப்புண்டு. படகு ஒரு கிண்ணம். கசிந்த வாயு அடித்தளக் குழியில் தேங்கிப் பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே சிலிண்டரை, அடியில் வெளிநோக்கித் துளையுள்ள தனிப் பெட்டியில் தளத்தின்மேல் வைப்பார்கள். பெட்ரோல் ஆவிக்கும் இதே குணம் உண்டு. ட்ராலர்கள் டீசலையே நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரை மின்சாரத்திலும் புதிய பாடங்கள் உண்டு. துறையில் இணைந்த படகுகள் புவியிணைப்புக் கம்பி வழியே ஒன்றோடொன்று தொடர்புகொள்வதால், நீருக்கடியிலுள்ள உலோகப் பாகங்கள் மின்வேதி முறையில் அரிக்கப்படும். விசிறியையும் தண்டையும் காக்கத் துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்படுகின்றன. அவை தாம் கரைந்து மற்றவற்றைக் காக்கும். கரைந்தவற்றை மாற்ற வேண்டும். இதைவிடக் கொடியது, பழுதான இணைப்பிலிருந்து நீருக்குள் கசியும் மாற்று மின்சாரம். நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை நன்கு கடத்தும் என்பதால், ஏரி, ஆற்றுத் துறைகளில் நீந்துபவரின் தசைகள் செயலிழந்து அவர் மூழ்க நேரிடும். மின்னிணைப்புள்ள துறையருகே யாரும் நீந்தக் கூடாது என்பது விதிவிலக்கற்ற விதி.

கழிவுத் தொட்டியைக் காலி செய்வதிலும் சட்டம் உண்டு. அமெரிக்கக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை நீரில் விடுவது குற்றம். துறைகளில் உள்ள உறிஞ்சும் நிலையங்களில் அதை ஒப்படைக்க வேண்டும். இந்நிலையங்களை அமைக்க 1992-ஆம் ஆண்டின் தூய கலன் சட்டத்தின் கீழ் நிதி வழங்கப்படுகிறது.

விதிகளும் வழிகாட்டிகளும்

நீரில் கோடு போட்ட பாதை கிடையாது. மிதவைகளும் கம்பங்களும் ஆழமான வழியின் இரு விளிம்புகளைக் காட்டும். வட, தென் அமெரிக்காவில் கடலிலிருந்து துறைக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம் இருக்கும். இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளில் இது நேர்மாறு. நுழையும்போது சிவப்பு இடப்பக்கம். சென்னையிலோ தூத்துக்குடியிலோ படகு பழகியவர் ஃபுளோரிடாவில் இதை மறந்தால் மணல்திட்டில் ஏறிவிடுவார்.

1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகள் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை வகுத்துள்ளன. சாலையில் இருப்பதைப் போல முழு முன்னுரிமை எவருக்கும் இல்லை; வழி பெற்றவருக்கும் மோதலைத் தவிர்க்கும் கடமை உண்டு. வி.எச்.எஃப் வானொலியின் 16-ஆம் அலைவரிசை அழைப்புக்கும் ஆபத்துக்கும் உரியது. மிசிசிப்பி போன்ற ஆறுகளில் பல தோணிகளை ஒன்றாகக் கட்டித் தள்ளிச்செல்லும் இழுவைக் கப்பல்கள், நிற்க ஒரு மைலோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் கடப்பது என்று அவற்றின் தலைவரிடம் வானொலியில் கேட்டுச் செல்வதே முறை.

ஓர் எடுத்துக்காட்டு: பெரு வளையம்

மோட்டார்ஹோம் பயணிகளை அதிகம் ஈர்க்கும் நீர்வழி, அமெரிக்காவின் கிழக்குப் பாதியைச் சுற்றிவரும் கிரேட் லூப், அதாவது பெரு வளையம். இதன் நீளம் ஏறத்தாழ 6,000 மைல்; எடுக்கும் வழியைப் பொறுத்துக் கூடும், குறையும். பலர் ஓராண்டில் முடிக்கிறார்கள். இளவேனிலில் ஃபுளோரிடாவிலிருந்து அட்லாண்டிக் கரையோர உள்நீர்வழியில் வடக்கே செல்வார்கள். சோழமண்டலக் கரைக்கு இணையாக வெட்டிய பக்கிங்காம் கால்வாயைப் போலவே, திறந்த கடலைத் தவிர்க்க அமைந்த வழி இது. பின் ஹட்சன் ஆறு. அங்கிருந்து 1825-இல் திறக்கப்பட்ட ஈரிக் கால்வாய். கோடையில் கனடாவின் டிரென்ட்-செவர்ன் நீர்வழி. இதிலுள்ள பீட்டர்பரோ நகரின் படகுத் தூக்கி 1904 முதல் படகுகளைத் தொட்டியோடு 65 அடி உயர்த்துகிறது. அடுத்துப் பேரேரிகள் வழியே சிகாகோ. இலையுதிர் காலத்தில் இல்லினாய், மிசிசிப்பி, ஒஹாயோ, டென்னசி ஆறுகள். பிறகு 1985-இல் போக்குவரத்து தொடங்கிய, 234 மைல் நீளமுள்ள டென்னசி-டாம்பிக்பி நீர்வழி. குளிர்காலத்தில் மெக்சிகோ வளைகுடா வழியே மீண்டும் ஃபுளோரிடா.

இவ்வழியைச் சுற்றத் திட்டமிடுபவர் படகு வாங்கும் முன் மூன்று அளவுகளை அறிந்திருக்க வேண்டும். முதலாவது உயரம்: சிகாகோ அருகே எவராலும் தவிர்க்க முடியாத ஒரு நிலையான பாலத்தின் அடியில் இருக்கும் இடைவெளி சுமார் 19 அடி 6 அங்குலம். கொடிமரம், ரேடார் ஆகியவற்றைச் சாய்த்த பின்னும் படகு அதைவிட உயரமாக இருந்தால் வளையத்தை முடிக்க முடியாது. மோட்டார்ஹோம் ஓட்டியவர்களுக்குப் பாலத்தின் உயரம் பார்ப்பது பழக்கமான கவலையே. இரண்டாவது எரிபொருள்: செயின்ட் லூயிஸ் பகுதியிலிருந்து கென்டக்கியின் படூகா வரை 200 மைலுக்கு மேல் எரிபொருள் கிடைப்பது அரிது. மூன்றாவது இரவு ஓட்டம்: ஃபுளோரிடாவின் வளைவில், காரபெல்லுக்கும் டார்பன் ஸ்பிரிங்ஸுக்கும் இடையே உள்நீர்வழி கிடையாது. ஏறத்தாழ 170 மைல் திறந்த வளைகுடாவை 7 நாட் வேகத்தில் நேராகக் கடக்க 21 மணி நேரம் ஆகும். விழித்திருக்கும் இருவர் இதற்குத் தேவை.

வழியெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நீர்ப்பூட்டுகள் உண்டு. இரு கதவுகளுக்கு இடையே படகை நிறுத்தி, நீரை ஏற்றியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுசெல்லும் அமைப்பு இது. இங்கும் தேவைப்படுவது அதே திறன்தான்: சுழிக்கும் நீரில் படகை அசையாமல் நிறுத்துவது.

வாங்குதலும் செலவும்

பழைய ட்ராலர் மலிவாகத் தோன்றும். 1970களிலும் 1980களிலும் தைவானில் கட்டப்பட்ட பல படகுகளில் தேக்குத் தளத்தை ஆயிரக்கணக்கான திருகுகளால் பொருத்தியிருப்பார்கள். ஒவ்வொரு திருகுத் துளையும் காலப்போக்கில் மழைநீருக்கு வழியாகும். உள்ளே மரம் உளுத்துவிடும். துருப்பிடித்த இரும்பு எரிபொருள் தொட்டியை மாற்ற எந்திரத்தையே அகற்ற நேரிடலாம். எனவே விற்பவரோடு தொடர்பில்லாத தகுதிபெற்ற ஆய்வாளர் ஒருவரைக் கொண்டு, படகை நீரிலிருந்து தூக்கி ஆய்வு செய்வதும், நீரில் ஓட்டிப் பார்ப்பதும், எந்திர எண்ணெயைச் சோதனைக்கு அனுப்புவதும் இன்றியமையாதவை.

ஆண்டுப் பராமரிப்புக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்குவது படகோட்டிகளிடையே வழங்கும் கணக்கு. படகுத்துறைகள் படகின் நீளத்தைக் கொண்டு அடிக்கு இவ்வளவு என வாடகை வாங்குகின்றன. அடிப்பகுதிக்குப் பாசி தடுக்கும் வண்ணம் அடிக்க அவ்வப்போது படகைத் தூக்க வேண்டும். அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அக்காலத்தில் படகு தெற்கே இருக்கக் கூடாது எனப் பல காப்பீடுகள் நிபந்தனை விதிக்கும். வாங்கும் முன்பே காப்பீடு கிடைக்குமா என்று கேட்பது நல்லது. படகு அனுபவம் இல்லாதவருக்குப் பயிற்சித் தலைவருடன் குறிப்பிட்ட மணி நேரம் ஓட்ட வேண்டும் என்றும் நிறுவனங்கள் கேட்பதுண்டு. இதைத் தொல்லையாகக் கருதாமல் வாய்ப்பாகக் கொள்ளலாம்.

பலர் மோட்டார்ஹோமை விற்ற பணத்தில் படகு வாங்குகிறார்கள். திரும்பி வருவது கடினம் என்பதால், விற்கும் முன் இரண்டு வாரமாவது வாடகைப் படகில் வாழ்ந்து பார்ப்பது விவேகம். ஈரிக் கால்வாயிலும் தென்மேற்கு ஃபுளோரிடாவிலும் வாஷிங்டன் மாநிலத்தின் சான் ஹுவான் தீவுகளிலும் இத்தகைய படகுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வெயிலடிக்கும் ஒரு பிற்பகலைவிட, மழையும் காற்றுமாக ஓர் இரவு நங்கூரத்தில் கிடந்து பார்ப்பதே உண்மையான தேர்வு.

இருவரும் கற்க வேண்டியவை

மோட்டார்ஹோமில் பெரும்பாலும் ஒருவர் ஓட்டுவார். மற்றவர் வழி பார்ப்பார். ஓட்டுபவருக்கு நெஞ்சுவலி வந்தால் வண்டியை ஓரம் நிறுத்தி உதவிக்கு அழைக்கலாம். படகில் அதே நிலை வந்தால், மற்றவருக்குக் குறைந்தது ஐந்து செயல்கள் தெரிந்திருக்க வேண்டும்: எந்திரத்தை நடுநிலைக்குக் கொண்டுவருவது, படகு இருக்கும் இடத்தின் ஆயங்களைத் திரையில் படிப்பது, 16-ஆம் அலைவரிசையில் உதவி கேட்பது, நங்கூரம் இறக்குவது, நீரில் விழுந்தவரை மேலே ஏற்றுவது. கடைசிச் செயல் மிகக் கடினமானது. நனைந்த ஆடையோடு இருக்கும் வளர்ந்த ஒருவரை உயர்ந்த படகுக்குள் தூக்க ஒருவர் கைபலம் போதாது. ஏணியோ கப்பியோ முன்கூட்டியே பொருத்தியிருக்க வேண்டும். பயன்படுத்தியும் பார்த்திருக்க வேண்டும்.

இதனால் பயிற்சி வகுப்புகளில் கணவனும் மனைவியும் தனித்தனியே ஓட்டிப் பழகும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். துறை அணையும்போது உடல் வலிமை குறைந்தவர் ஓட்ட, வலிமை மிக்கவர் கயிறு பிடிப்பது பொருத்தமான பங்கீடு. பல குடும்பங்களில் நடைமுறை இதற்கு நேர்மாறாக இருப்பதே துறையோரச் சச்சரவுகளுக்குக் காரணம். தலையில் அணியும் சிறிய ஒலிவாங்கிகள் இருவரும் கத்தாமல் பேச உதவும்.

யாருக்குப் பொருந்தும்

மலைகளையும் பாலைவனங்களையும் காண விரும்புபவர், அடிக்கடி உறவினர் வீட்டுக்குச் செல்ல வேண்டியவர், குறித்த நாளில் குறித்த ஊரை அடைய விரும்புபவர் ஆகியோருக்கு மோட்டார்ஹோமே ஏற்றது. வானிலைக்காக மூன்று நாள் காத்திருக்கும்போதும் சலிக்காதவருக்கும், எந்திர அறையில் ஒரு முற்பகலைக் கழிப்பதைச் சுமையாக எண்ணாதவருக்கும் ட்ராலர் ஏற்றது. சிலர் இரண்டையும் வைத்திருந்து கோடையைப் படகிலும் மற்றக் காலத்தை வண்டியிலும் கழிக்கிறார்கள்.

முடிவு செய்ய உதவும் எளிய சோதனை ஒன்று உண்டு. வாடகைப் படகில் காற்றடிக்கும் ஒரு நாளில், பயிற்சியாளர் அருகில் இருக்க, எந்திரத்தை அணைத்துவிட்டு நங்கூரத்தை மட்டும் கொண்டு படகை நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு பொறுப்பை மாற்றிக்கொண்டு மற்றவரும் அதையே செய்ய வேண்டும். இருவராலும் அது முடிந்தால் எஞ்சியவற்றைப் பயணத்தின் போக்கில் கற்றுக்கொள்ளலாம்.